பிலிப்பைன் சித்திரங்களும் அவற்றை வாங்கியோரும்

ஒரு தேசம் அடிமைப்பட்டிருக்கும்போது அதன் சித்திரக்காரன் யாருக்காகத் தூரிகையை எடுக்கிறான் என்ற கேள்வி நம்மில் பலருக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். அரசியல் வேலைகளுக்கிடையே படங்களைப் பற்றிப் பேச அவகாசம் ஏது என்று கேட்கும் தேசாபிமானிகளையும் நாம் அறிவோம். அவர்கள் பிலிப்பைன் தீவுகளின் சரித்திரத்தைச் சற்றுக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். அத்தீவுகள் 1565 முதல் ஸ்பெயினுக்கு அடிமைப்பட்டிருந்தன. 1898ல் 2 கோடி டாலருக்கு அமெரிக்காவின் கைக்கு மாறின. இடையே ஜப்பானியர் பிடித்திருந்த மூன்று வருஷம் போக, 1946 ஜூலை 4ந் தேதி வரை அமெரிக்கக் கொடியே அங்கு பறந்தது. இந்த நெடுங்காலத்தில் அந்நாட்டார் நடத்திய போராட்டத்தின் ஒரு பகுதி சித்திரச் சீலையில் நடந்ததாகும்.

1884ல் மாட்ரிட் நகரில் நடந்த பொருட்காட்சியில் ஹுவான் லூனா என்ற பிலிப்பினோ இளைஞர் தீட்டிய 'ஸ்போலியாரியம்' தங்கப் பதக்கம் பெற்றது. அவருடைய நாட்டவரான பெலிக்ஸ் ஹிடால்கோவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. லூனாவின் படம் ஏறக்குறைய 25 அடி நீளமும் 14 அடி உயரமும் கொண்டது. ரோமாபுரியின் போட்டரங்கில் வெட்டுண்டு மடிந்த வாட்போர் அடிமைகளின் உடல்களை, அவற்றின் மேலுள்ளவற்றை உரிப்பதற்காக நிலவறைக்கு இழுத்து வருகிறார்கள். ஒரு பக்கம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். மறுபக்கம் நமக்கு முதுகைக் காட்டித் தரையில் சாய்ந்து துயருறும் ஒரு பெண். படத்தில் பிலிப்பினோ ஒருவரும் இல்லை. ஒரு தென்னை மரங்கூட இல்லை. ஆயினும் அவ்வருஷம் ஜூன் 25ந் தேதி மாட்ரிட்டில் நடந்த விருந்தில் ஹோஸே ரிஸால் எழுந்து இருவரையும் வாழ்த்தியபோது, அப்படங்களைத் தம் தாய்நாட்டின் வாழ்வோடும் தாழ்வோடும் சேர்த்தே பேசினார். இழுபடும் உடல்கள் யாருடையவை என்பதை அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரிஸாலை 1896 டிசம்பர் 30ந் தேதி ஸ்பானியர் சுட்டுக் கொன்றனர். லூனாவும் அவ்வருஷமே சிறைப்பட்டார்.

லூனாவை உத்தம புருஷராக்குவது நமது நோக்கமன்று. 1892ல் பாரிஸில் மனைவியையும் மாமியாரையும் சுட்டுக் கொன்றவர் அவர். பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வீரரைத் தேடுவோர் இதையும் அறிந்திருக்க வேண்டும். மற்றொன்றும் சொல்ல வேண்டும். எஜமானனுடைய வித்தையில் எஜமானனையே வென்ற அந்த வெற்றியிலும், பதக்கம் கொடுத்தது எஜமானனுடைய கைதான்.

அமெரிக்கர் வந்த பிறகு படம் வாங்குவோரும் மாறினர். 1909ல் பிலிப்பைன் சர்வகலாசாலையில் நுண்கலைப் பள்ளி ஏற்பட்டது. அதில் படித்துப் பின்னர் அதற்கே தலைவரான பெர்னாண்டோ அமோர்சோலோ வெயிலைத் தீட்டுவதில் நிகரற்றவர். நாற்று நடும் பெண்கள், பூத்த மரங்கள், பின்னாலிருந்து வீசும் பொன்னொளி என்று அவர் தீட்டிய கிராமத்தில் வட்டிக்காரனும் இல்லை, நிலச்சுவான்தாரும் இல்லை. அமெரிக்க உத்தியோகஸ்தர்களும் பிரயாணிகளும் அப்படங்களை விரும்பி வாங்கியதில் ஆச்சரியம் என்ன? அவரிடம் திறமைக் குறைவு இருந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் குடியானவனுடைய முதுகு நோவதை அந்த வெயிலில் காண முடிவதில்லை.

அதைக் காட்டத் துணிந்தவர் விக்டோரியோ எடாடெஸ். பங்காஸினான் மாகாணத்தில் 1895ல் பிறந்து, அமெரிக்காவில் ஸியாட்டில் நகரில் படித்தவர். அலாஸ்காவில் மீனை டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலைகளில் கூலி வேலையும் செய்தவர். 1928ல் நாடு திரும்பி, மணிலாவில் ஒரு கிளப்பில் தம் படங்களை வைத்தார். அவற்றுள் 'கட்டுவோர்' என்ற பெரிய படத்தில் கல்லோடும் மரத்தோடும் மல்லாடும் தொழிலாளரைக் காணலாம். மண்ணும் வியர்வையும் கலந்த நிறங்கள். கோணலான, முரட்டு அவயவங்கள். வந்தவர்கள் திகைத்தார்கள். ஒரு படங்கூட விற்கவில்லை.

எடாடெஸ் மனந்தளர்ந்து ஓய்ந்துவிடவில்லை. காலோ ஒகாம்போ, கார்லோஸ் பிரான்ஸிஸ்கோ என்ற இரு இளைஞரைச் சேர்த்துக்கொண்டு 1935ல் மணிலாவின் காபிடல் சினிமாக் கொட்டகையில் சுவர்ச் சித்திரம் எழுதினார். கனவான்கள் வாங்க மறுத்த கலையைச் சினிமா பார்க்க வந்தவர்கள் கண்டார்கள். ஒகாம்போ 1938ல் தேவமாதாவையே பழுப்பு நிறப் பிலிப்பினோத் தாயாகத் தீட்டினார். போனிபாஸியோ நினைவுச் சின்னத்தைச் செதுக்கிய பெரும் சிற்பி கில்லெர்மோ டொலென்டினோ எதிர்க்கட்சியில் நின்று, பத்திரிகைகளில் எடாடெஸுடன் வாதாடினார். 1955ல் ஒரு கண்காட்சியில் பரிசுகளைப் புதியவர்களே தட்டிச் சென்றதும், பழைய முறையினர் தம் படங்களைக் கழற்றிக்கொண்டு வெளியேறித் தெருவோரத்தில் வைத்துக் காட்டியது அந்நாட்டில் இன்றும் பேசப்படும் கதை.

இதற்குள் யுத்தம் வந்து போயிருந்தது. 1945 பிப்ரவரியில் மணிலாவில் மாண்ட பொதுமக்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அமோர்சோலோவும் தம் வெயிலை மறந்து எரியும் நகரத்தைத் தீட்டினார். விஸெந்தே மனன்சாலா 1950ல் குடிசைகளின் நடுவே குழந்தையை அணைத்து நிற்கும் தாயை வரைந்தார்.

மார்க்கோஸ் காலத்தில் ஸர்க்காரே கலையின் பெரும் புரவலராயிற்று. 1969ல் கடலோரத்தில் கலாசார மண்டபம் எழுந்தது. 1972ல் தேசியக் கலைஞர் என்ற பட்டம் ஏற்பட்டு, முதலில் காலஞ்சென்ற அமோர்சோலோவுக்கு அளிக்கப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பரில் ராணுவச் சட்டமும் வந்தது. எடாடெஸுக்கு 1976ல் பட்டம் கிடைத்தது. அதே 1976ல், பட்டமும் பணமும் வேண்டாத இளம் சித்திரக்காரர் சிலர் 'கைஸஹான்', அதாவது ஒற்றுமை, என்ற சங்கத்தைக் கூட்டினர். அவர்களுள் ஒருவரான அந்திபாஸ் டெலோடாவோ 1978ல் தீட்டிய படத்தில் வற்றிய உடம்புடைய கிழத் தொழிலாளி ஒருவர் கோக்கோ-கோலா விளம்பரத்தின் முன் நடந்து போகிறார். அந்த எழுத்தின் வளைந்த நுனி வெட்டுக்கத்தியைப் போல் அவர் நெஞ்சில் பாய்கிறது. ராணுவச் சட்டத்தைப் பற்றியும் அந்நிய மூலதனத்தைப் பற்றியும் நாம் எழுதக்கூடிய பத்துக் கட்டுரைகளை அந்த நுனி சொல்லிவிடுகிறது.

வாங்குவோர் மறுபடியும் மாறியிருக்கின்றனர். லூனா 1899ல் உயிர்விட்ட அதே ஹாங்காங்கில், 2011ல், ரொனால்ட் வென்டுரா என்ற பிலிப்பினோவின் படம் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அந்தத் தொகையைக் கொண்டு கலை வளர்ந்துவிட்டதாகக் கணக்கிடுவோருடன் நாம் சேர்வதற்கில்லை.

'ஸ்போலியாரிய'த்தை 1958ல் ஸ்பெயின் பிலிப்பைன் நாட்டுக்கே கொடுத்துவிட்டது. இப்போது அது மணிலாவில் முன்பு சட்டசபையாக இருந்த கட்டடத்தில், தேசியப் பொருட்காட்சிச் சாலையின் கூடத்தில் தொங்குகிறது. 2016 முதல் அங்கு யாரிடமும் அனுமதிக் கட்டணம் வாங்குவதில்லை.