வீட்டுக் கண்காட்சியில் என்ன கேட்க வேண்டும்?

வாடிப்பட்டி, சமயநல்லூர், சோழவந்தான் பக்கம் நாலைந்து சென்ட் வாங்கிப் போட்டுவிட்டு, வீடு கட்ட நேரம் பார்த்திருப்பவர்கள் நிறைய. மதுரையில் வீடு, கட்டுமானக் கண்காட்சி நடந்தால் இவர்கள் அவசியம் போய் வரலாம். கட்டடக் கம்பெனி, வங்கிக் கடன் பிரிவு, கம்பி, டைல்ஸ், கதவு என்று தனித்தனியாக அலைய வேண்டியதை ஒரே நாளில் கேட்டுவிடலாம். ஆனால் அங்கே விலையையும் விவரத்தையும் மட்டும் வாங்குங்கள். அட்வான்ஸ் அன்றைக்குக் கொடுக்க வேண்டாம். ‘கண்காட்சிச் சலுகை இன்றோடு முடிகிறது’ என்றால், அதே சலுகையைத் தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

போகும்போது பட்டா நகல், மனையின் நீள அகலம், எந்தத் திசையில் ரோடு, ரோட்டைவிட மனை எவ்வளவு பள்ளம் என்ற குறிப்பு கையில் இருக்கட்டும். பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் வயலாக இருந்த மனையென்றால் இந்தக் கடைசி விவரம் பெரிய செலவு. பேஸ்மென்டை உயர்த்தி மண் நிரப்புவது பெரும்பாலும் ‘சதுர அடி இவ்வளவு’ என்று சொல்லும் ரேட்டுக்குள் வராது. போர்வெல், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு சுவர், மின் இணைப்பு, பிளான் அனுமதிச் செலவு ஆகியவையும் அப்படித்தான். போர்ட்டிகோவுக்கும் மாடிப்படி அறைக்கும் முழு ரேட்டா, பாதி ரேட்டா? இதைக் கேட்காமல் இரண்டு கம்பெனிகளின் ரேட்டை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

அமெரிக்காவில் உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டும் வீடுகளுக்கென்றே தனிக் கண்காட்சிகள் உண்டு. அங்கேயும் இதே சிக்கல்தான். சொல்லும் விலை பெரும்பாலும் மரத் தொகுப்புக்கு மட்டும். அஸ்திவாரமும் குழாய், மின்சார வேலையும் வேறு. மரம் காயக் காயச் சுவரே கொஞ்சம் இறங்கும் என்பதால் ஜன்னலுக்கு மேல் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். நம் சமவெளியில் வெயிலும் கரையானும் இருக்கும்போது, குடியிருக்க முழு மரவீடு கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நமக்கு மரம் என்றால் நிலைவாசலும் கதவும்தான்.

நிலை, கதவு விற்கும் ஸ்டாலில் நின்று நிதானமாகப் பேசுங்கள். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், நாலு பக்கமும் 5×3 அங்குலச் சட்டம் உள்ள நிலைக்கு மொத்த நீளம் 21 அடி. 21-ஐ 15-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.19 கன அடி. இந்த 5×3 இழைப்பதற்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். இழைப்பில் அகலத்திலும் தடிமனிலும் கால் அங்குலம் போனாலே உங்கள் வீட்டுக்கு வருவது சுமார் 1.9 கன அடிதான். தேக்கு என்றால் எந்த ஊர்த் தேக்கு என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கத் தேக்கும் சந்தையில் தாராளமாக வருகிறது. வெளிறிய புறமரத்தைக் கரையான் எளிதில் அரிக்கும், வைரம் பாய்ந்த உள்மரம் தாங்கும். ஈரம் அளக்கும் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காயாத மரம் நம் சித்திரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும்.

பிளாட்டோ மனையோ வாங்கப் போகிறவர்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் திட்டங்கள் பொதுவாகப் பதிவு செய்யப்பட வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். ஸ்டாலில் நிற்கும்போதே அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போனிலேயே பார்த்துவிடலாம். விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறைகளை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சொன்னால், பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஸ்டாலில் தரும் அழகாக அச்சிட்ட நோட்டீசைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால், இழப்பீடு கேட்க அதுதான் சான்று.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுபவருக்கு இந்தச் சட்டம் வராது. வாடிப்பட்டி பக்கம் பெரும்பாலோர் இப்படித்தான் கட்டுகிறார்கள். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவர்களுக்குக் காவல், எழுதி வாங்கும் ஒப்பந்தமும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். எந்தச் சிமென்ட், எந்தக் கம்பி, எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்று ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன், பிடித்த இரண்டு மூன்று கம்பெனிகளிடம் அவர்கள் நாலைந்து வருஷத்துக்கு முன் கட்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டாலில் இருக்கும் மாதிரியைவிட அது அதிகம் சொல்லும். ஐப்பசி மழையில் எந்தச் சுவர் ஓதம் காத்தது, கூப்பிட்டால் கான்ட்ராக்டர் வந்தாரா, பேசிய தொகைக்கு மேல் எவ்வளவு ஆனது என்று அந்த வீட்டுக்காரரிடமே கேளுங்கள்.