வாயில் இரும்பு ருசி

கையை மரக்கவைக்க ஊசி போடும்போது நான் விடாமல் பேச்சுக் கொடுப்பேன். "எந்த ஊரும்மா? பேரப்பிள்ளைங்க எத்தனை?" மயக்க மருத்துவரான எனக்குப் பதிலைவிட அது வரும் விதம்தான் முக்கியம். நாக்கு குழறுகிறதா, உதட்டைச் சுற்றி மதமதப்பா, காதில் ரீங்காரமா, வாயில் இரும்பு ருசியா? மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகைன் அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கும்போது பெரும்பாலும் இவைதான் முதலில் தெரியும். அடுத்து வலிப்பு வரலாம். சிலருக்கு இந்த அறிகுறிகள்கூட இல்லாமல் நேரே வலிப்புதான்.

மரக்கவைக்கும் மருந்து வலிப்பை எப்படி வரவழைக்கும்? நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அது அடைக்கிறது. மூளையை எட்டினால், மற்றவற்றை அடக்கிவைக்கும் செல்கள்தான் முதலில் செயலிழக்கும். தூண்டும் செல்கள் அதன்பின் கேட்பாரின்றித் துள்ளும்.

மணிக்கட்டு முறிந்து வந்த பாட்டி ஒருவர், "ஒண்ணுமில்ல தாயி, வாய்தான் ஒரு மாதிரி இருக்கு" என்றார். ஊசியை அங்கேயே நிறுத்தி ஆக்சிஜன் வைத்தோம். விரல்கள் லேசாக வெட்டியதோடு போயிற்று. "அம்மாவுக்கு அலர்ஜியா டாக்டர்?" என்றார் மகன். அலர்ஜி இல்லை. மருந்து நேரே ரத்தக்குழாய்க்குள் போனாலோ அளவு மிஞ்சினாலோ யாருக்கும் இது வரும்.

அளவு எடையைப் பொறுத்தது. வெறும் லிக்னோகைன் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் வரை. அட்ரினலின் கலந்திருந்தால் 7. இரண்டு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். 40 கிலோ பாட்டிக்கு, அட்ரினலின் இல்லையென்றால், 9 மில்லியில் கணக்கு முடிந்தது. "இன்னும் அஞ்சு சிசி போட்டுக்கலாமா?" என்று அறுவை மருத்துவர் கேட்டால் எனக்குச் சிடுசிடுப்புதான் வரும்.

வலிப்பே வந்துவிட்டால் முதல் வேலை மூச்சு. ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு ஏறினால் மருந்தின் நஞ்சு இன்னும் கடுமையாகும். வலிப்பை அடக்க மிடாசோலம். இன்னொரு மரக்கும் மருந்தான புபிவகைன் என்றால் இதயமே நின்றுவிடலாம். அதற்குக் கைகொடுப்பது, சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் பால் நிறச் சோயா எண்ணெய்க் கலவை. ரத்த ஓட்டத்திலிருந்து மருந்தை அது இழுத்துக்கொள்கிறது. கய் வைன்பெர்க் 1998-இல் எலிகளில் இதைக் காட்டினார். 2006-இல் நியூயார்க்கில் இதயம் நின்ற ஒருவர் இதனால் மீண்டார்.

ஊசி இல்லாமலும் மரக்கும் மருந்து நஞ்சாகலாம். அமெரிக்காவில் லேசர் முடிநீக்கத்துக்காகக் கால்களில் மரக்கும் களிம்பை அப்பி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் வலிப்பு வந்து, நினைவு திரும்பாமலே இறந்தார்கள். அழகு நிலையத்தில் அந்தக் களிம்பை நீட்டினால், எத்தனை சதவீதம், எவ்வளவு இடத்தில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் காலை நீட்டாதீர்கள்.