கோடிங் வேண்டாம்... டேட்டா புரிஞ்சா போதும்! பெரியவர்களுக்கு பிரெஞ்சில் ஏஐ பாடம்: பிரான்ஸ் ஏன் இதைச் செய்கிறது?

ஏஐ படிக்கணும்னா கணக்குல புலியா இருக்கணும், கோடிங் தெரியணும் என்பதுதான் பலரின் நினைப்பு. ஆனால் பிரான்ஸில் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என யார் வேண்டுமானாலும் சேரும்படி இலவச ஏஐ பாடங்கள் பிரெஞ்சு மொழியில் நடக்கின்றன. அங்கே சொல்லித் தரப்படுபவற்றில் ஒன்று டேட்டா, அதாவது தரவு பற்றி. அது சாதாரண மனிதருக்கு எதற்கு? விரிவாகப் பார்ப்போம்.

எப்படித் தொடங்கியது?

முன்னோடி ஃபின்லாந்து. 2018-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் நிறுவனமும் சேர்ந்து 'எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ' என்ற இலவச ஆன்லைன் படிப்பைத் தொடங்கின. நாட்டு மக்கள்தொகையில் 1 சதவீதம் பேருக்காவது ஏஐ அடிப்படை தெரிய வேண்டும் என்பது இலக்கு.

அதே 1 சதவீத இலக்கை பிரான்ஸும் கையில் எடுத்தது. 2020-ல் ஓப்பன் கிளாஸ்ரூம்ஸ் தளத்தில் 'ஒப்ழெக்தீஃப் ஈஆ' என்ற பாடம் வந்தது. பிரெஞ்சில் ஏஐ-யை 'ஈஆ' என்பார்கள். அதே ஆண்டில், அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான இன்ரியாவும் கிளாஸ் கோட் அமைப்பும் இன்னொரு இலவசப் படிப்பைக் கொண்டு வந்தன. இவற்றில் சேர முன் அனுபவம் எதுவும் தேவையில்லை.

டேட்டா பாடத்தில் அப்படி என்ன இருக்கு?

பிரெஞ்சில் டேட்டாவுக்கு 'தொன்னே' என்று பெயர். அதன் நேரடிப் பொருள் 'கொடுக்கப்பட்டது'. ஆனால் டேட்டா தானாக வந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்துதான் அது உருவாகிறது.

உதாரணத்துக்கு, நாய் எது, பூனை எது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான படங்களுக்கு 'நாய்', 'பூனை' என்று மனிதர்கள் பெயர் குறிக்க வேண்டும். நாய்ப் படங்கள் எல்லாமே புல்வெளியில் எடுத்தவை என்றால், புல்லைப் பார்த்தாலே 'நாய்' என்று சொல்லும் ஆபத்து உண்டு.

இது வெறும் விளையாட்டு இல்லை. 2018-ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா எனச் சொல்லும் 3 மென்பொருள்களைச் சோதித்தனர். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ 34.7 சதவீதம் வரை போனது. பயிற்சிப் படங்களில் யார் குறைவோ, அவர்களிடம்தான் இதுபோன்ற மென்பொருள் அதிகம் தடுமாறும்.

ஏன் பிரெஞ்சில்?

மெட்டாவின் 'லாமா 2' மாடல் 2023-ல் வெளியானது. அதன் பயிற்சி டேட்டாவில் ஆங்கிலம் சுமார் 89.7 சதவீதம். பிரெஞ்சு வெறும் 0.16 சதவீதம்! கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கே இந்த நிலை. டேட்டாவில் தன் மொழிக்கு எவ்வளவு இடம் என்பதே ஒரு பாடம்தான்.

இன்னொரு காரணம், சொற்கள். 'மெஷின் லேர்னிங்' என்றால் மிரளும் ஒருவருக்கு 'அப்ரான்திஸாழ் ஒத்தொமாத்தீக்', அதாவது 'தானியங்கிக் கற்றல்' என்றால் சட்டெனப் பிடிபடும். 2018 டிசம்பரில் இப்படிப்பட்ட ஏஐ சொற்களின் பட்டியலை பிரான்ஸ் அரசு தன் அதிகாரப்பூர்வ அரசிதழிலேயே வெளியிட்டது.

சாமானியருக்கு என்ன சம்பந்தம்?

பிரான்ஸில் வீட்டு வாடகை உதவி, குழந்தைகளுக்கான உதவித்தொகை எல்லாம் 'காஃப்' என்ற அமைப்பு வழியாக வருகின்றன. பயனாளிகளுக்கு 0 முதல் 1 வரை ஓர் 'அபாய மதிப்பெண்' போடும் அல்காரிதத்தை அது பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. மதிப்பெண் கூடினால், வீடு தேடி விசாரணை வர வாய்ப்பு அதிகம்.

2023 நவம்பரில் 'லா குவாத்ரத்யூர் து நெத்' என்ற உரிமை அமைப்பு, இதன் பழைய பதிப்புகளின் நிரலை வாங்கி அலசியது. மதிப்பெண்ணை ஏற்றும் காரணங்களாக அது சொன்னவற்றில் சில:

• குறைந்த வருமானம்
• வேலை இல்லாதது
• குறைந்தபட்ச வருமான உதவி பெறுவது
• வருமானத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போவது

அப்படின்னா ஏழைகள்தான் ஏமாற்றுகிறார்களா? இங்கேதான் டேட்டா பாடம் கைகொடுக்கிறது. அல்காரிதம் கற்றுக்கொண்டது 'யார் மோசடி செய்தார்' என்பதை அல்ல, 'யாருக்குக் கூடுதல் பணம் போனது' என்பதை. குறைந்தபட்ச வருமான உதவி பெறுபவர் 3 மாதத்துக்கு ஒருமுறை தன் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். மாதாமாதம் வருமானம் மாறினால் கணக்கில் பிழை வருவது சகஜம். தெரியாமல் செய்த தவறும் வேண்டுமென்றே செய்த மோசடியும் ஒரே பெயரில் பதிவானால், கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

அல்காரிதம் கோப்புகளைத் தேர்ந்தெடுக்க மட்டுமே, முடிவெடுப்பது மனிதர்கள்தான் என்பது காஃப் தரப்பு வாதம். 2024 அக்டோபரில் 15 அமைப்புகள் இதை எதிர்த்து பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குப் போயின.

படித்தவர் என்ன கேட்கலாம்?

ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் அமலில் உள்ளது. தன்னைப் பற்றி என்ன டேட்டா வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அரசு அலுவலக முடிவு அல்காரிதம் வழியாக எடுக்கப்பட்டால், அதன் விதிகளைக் கேட்கும் உரிமையும் 2016-ம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது. பாரிஸில் குடியிருக்கும் தமிழர்களுக்கும் இந்த உரிமை உண்டு.

ஆனால் உரிமை இருந்தால் போதுமா? எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே! கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

• இந்த டேட்டாவைச் சேகரித்தது யார், எதற்காக?
• இதில் விடுபட்டவர்கள் யார்?
• இதற்குப் பெயர் குறித்தது யார்? அந்தப் பெயர் உண்மையில் எதை அளக்கிறது?

2025 பிப்ரவரி 2 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டப்படி, ஏஐ-யை உருவாக்கும் அல்லது வேலைக்குப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் போதுமான ஏஐ அறிவு கிடைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கும் இந்த மூன்று கேள்விகள் தெரிந்திருந்தால், திரையில் வரும் மதிப்பெண்ணை அப்படியே நம்பாமல் எதிரே நிற்பவரிடம் ஒரு வார்த்தை விசாரிப்பார்.