அப்பா ஓட்டுறார், ஆர்.சி. உங்க பேர்ல: லைசென்ஸ் முடிஞ்சிருந்தா செலவு யாருக்கு?

இன்னைக்கு எஸ்.ஐ.பி. இல்ல, வரி சேமிப்பும் இல்ல. உங்க பேர்ல ஊர்ல நிக்கிற வண்டியைப் பத்திப் பேசப்போறோம்.

நம்ம வாசகர்கள்ல நிறைய பேருக்குப் பொருந்துற நிலைமை இது. சொந்த ஊர் மேட்டூர். வேலை ஓசூர்லயோ பெங்களூருலயோ. முதல் வேலை கிடைச்சதும் லோன் போட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினீங்க. அப்புறம் நீங்க வெளியூர் போயிட்டீங்க, வண்டி வீட்டுலயே நின்னுடுச்சு. இப்போ அதை ஓட்டுறது அப்பா. அனல்மின் நிலையத்துல வேலை பார்த்து ரிடையர் ஆனவர், வயசு 62. காலையில மார்க்கெட், சாயங்காலம் கோயில், எப்பவாவது மேச்சேரி, ஓமலூர் வழியா சேலம்.

ஆர்.சி. உங்க பேர்ல. பாலிசியும் உங்க பேர்ல. ஓட்டுறது மட்டும் அப்பா. இங்க கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு. அப்பாவோட லைசென்ஸ் இன்னும் செல்லுமா? அப்பாவோட உடம்பு வண்டி ஓட்டுற நிலையில இருக்கா? முதல் கேள்வியில உங்க பணம் இருக்கு. ரெண்டாவதுல உயிர் இருக்கு, அவரோடது மட்டும் இல்ல.

லைசென்ஸ் எப்போ முடியும்?

2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்க. சொந்த வண்டி ஓட்டுற லைசென்ஸுக்கு இப்போ இருக்குற கணக்கு இது:

- 30 வயசுக்குள்ள எடுத்தா, 40 வயசு வரைக்கும் செல்லும்.
- 30-லிருந்து 50-க்குள்ள எடுத்தா அல்லது புதுப்பிச்சா, 10 வருஷம்.
- 50-லிருந்து 55-க்குள்ள, 60 வயசு வரைக்கும்.
- 55-க்கு மேல, ஒவ்வொரு தடவையும் 5 வருஷம் மட்டும்.

அதாவது வயசு ஏற ஏற லைசென்ஸோட ஆயுள் குறையுது. பலருக்கு அது முடியுறது 60-ஐ ஒட்டி, சரியா ரிடையர் ஆகுற நேரத்துல. பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் பேப்பர்னு அலையுறப்ப பர்ஸுல இருக்குற அந்த அட்டையை யாரும் திருப்பிப் பார்க்குறதில்ல.

முன்னாடி லைசென்ஸ் முடிஞ்சாலும் 30 நாள் வரைக்கும் செல்லும்னு ஒரு சலுகை இருந்துச்சு. 2019 திருத்தம் அதை எடுத்துடுச்சு. முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சா புதுப்பிக்கலாம். ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா மறுபடியும் ஓட்டிக் காட்டி டெஸ்ட்ல பாஸ் ஆகணும். முடியுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம்ங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

முடிஞ்ச லைசென்ஸோட ஒரு விபத்து: கணக்கு போடுவோம்

ஒரு உதாரணம். அப்பா ஓட்டின வண்டி மோதி ஒருத்தர் இறந்துடுறார்னு வைங்க. வயசு 28, தனியார் வேலை, மாசம் 20,000 ரூபாய் வருமானம். மனைவி, குழந்தை, அம்மா மூணு பேரும் அவரை நம்பி இருக்காங்க. தப்பு அப்பா பக்கம்.

நஷ்டஈட்டை எப்படிக் கணக்கிடணும்னு உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்குலயும் (2009) பிரணய் சேத்தி வழக்குலயும் (2017) வழி காட்டியிருக்கு. அதுபடி பாருங்க:

- மாச வருமானம் 20,000 + எதிர்கால உயர்வுக்கு 40% = 28,000
- வருஷத்துக்கு 3,36,000
- அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா 2,24,000
- 28 வயசுக்கான பெருக்கல் எண் 17. மொத்தம் 38,08,000 ரூபாய்.

இதுக்கு மேல இறுதிச் சடங்குச் செலவு மாதிரி சில தொகைகளும் வட்டியும் சேரும்.

லைசென்ஸ் சரியா இருந்தா இந்தப் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். தேர்டு பார்ட்டி பாலிசியில உயிரிழப்புக்கு உச்ச வரம்பு கிடையாது. லைசென்ஸ் செல்லாதுன்னா? 2004-ல ஸ்வரண் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். லைசென்ஸ் செல்லாதுங்கிற ஒரே காரணத்துக்காகக் கம்பெனி தப்பிச்சுட முடியாது. வண்டி உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்கலைன்னு அது நிரூபிக்கணும். அப்படி நிரூபிச்சாலும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணத்தை முதல்ல கொடுத்துட்டு, அப்புறம் உரிமையாளர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லி தீர்ப்பாயம் உத்தரவு போடலாம்.

அந்த உரிமையாளர் நீங்க. அப்பாவோட லைசென்ஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆனது எனக்குத் தெரியாதுன்னு சொல்லி எவ்வளவு தூரம் போக முடியும்னு நீங்களே யோசிங்க. அது மட்டும் இல்ல, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர்கிட்ட வண்டியைக் கொடுக்குறதே தனிக் குற்றம். 5,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறை. நம்ம வண்டி ரிப்பேருக்கான ஓன் டேமேஜ் கிளெய்மும் நிக்காது.

அப்பாவுக்கே அடிபட்டா?

இது நிறைய பேர் கவனிக்காத இடம். பாலிசியில கட்டாயமா இருக்குற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியோட உரிமையாளரே ஓட்டும்போதுதான். ஆர்.சி. உங்க பேர்ல, ஓட்டினது அப்பான்னா, அந்த 15 லட்சம் அவருக்கு வராது. தப்பு அவர் பக்கம்னா அவர் தேர்டு பார்ட்டியும் கிடையாது.

தீர்வு ரெண்டு இருக்கு. வண்டியை நிஜமாவே அவர்தான் ஓட்டப்போறார்னா ஆர்.சி.யையும் பாலிசியையும் அவர் பேருக்கு மாத்துங்க. இல்லன்னா அவருக்குத் தனியா ஒரு விபத்துக் காப்பீடு எடுங்க. வயசு வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாங்குறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுப் பாருங்க.

வயசா பிரச்சனை?

லைசென்ஸைப் புதுப்பிச்சுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. 40 வயசு தாண்டினவங்க புதுப்பிக்கும்போது படிவம் 1ஏ, அதாவது டாக்டர் சான்றிதழ் கொடுக்கணும். நாமக்கல் லாரி ஓட்டுநர் மாதிரி போக்குவரத்து வாகனம் ஓட்டுறவங்களுக்கு எந்த வயசுலயும் இது கட்டாயம். ஆனா சான்றிதழ்ங்கிறது ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரி. அடுத்த 5 வருஷத்துல கண்ணும் காதும் சர்க்கரையும் எப்படி மாறும்னு அது சொல்லாது.

இதைப் பத்தி வெளிநாடுகள்ல நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. மொத்தமாப் பார்த்தா, வயசைவிட உடம்போட நிலைமைதான் முக்கியம். 75 வயசுல நல்லா ஓட்டுறவங்க இருக்காங்க, 55-லயே ஓட்டக்கூடாத நிலையில இருக்குறவங்களும் இருக்காங்க. ஆனா ஒரே அளவு அடி பட்டாலும், வயசானவங்க உடம்பு அதைத் தாங்குறது குறைவு. கார்லயே அப்படின்னா ஸ்கூட்டர்ல கேக்கவே வேணாம்.

ரெண்டு ஆய்வுகளை மட்டும் சொல்றேன். அமெரிக்காவுல சிந்தியா ஓஸ்லி குழு 2002-ல வெளியிட்ட ஆய்வுல, கண்புரை ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட வயசான ஓட்டுநர்களுக்கு, செஞ்சுக்காதவங்களோட ஒப்பிட்டா விபத்து விகிதம் சுமார் பாதிதான் இருந்துச்சு. அதாவது சரிபண்ணக்கூடிய ஒரு பிரச்சனையைச் சரிபண்ணாலே போதும், வண்டிச் சாவியைப் பிடுங்க வேண்டிய அவசியம் வராம போகலாம். நம்ம அரசு மருத்துவமனைகள்ல இந்த ஆபரேஷன் இலவசம்.

இன்னொண்ணு கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்துல. உடல்நிலை காரணமா ஓட்டுறது ஆபத்துன்னு டாக்டர் எச்சரிச்ச ஒரு லட்சம் பேரை ஆராய்ஞ்சு 2012-ல வெளியிட்டாங்க. எச்சரிக்கைக்கு அப்புறம் அவங்க ஓட்டுநரா சிக்கின பெரிய விபத்துகள் சுமார் 45% குறைஞ்சது. ஆனா மனச்சோர்வுக்காக மருத்துவமனைக்கு வர்றது கூடுச்சு, எச்சரிச்ச டாக்டர்கிட்ட திரும்பப் போறதும் குறைஞ்சது. ரெண்டு பக்கத்தையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வண்டியை நிறுத்தச் சொல்றது உயிரைக் காப்பாத்தும், ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் குறைக்குறது குடும்பத்தோட வேலை.

எதையெல்லாம் பார்க்கணும்?

படிவம் 1-ல இருக்குற கேள்விகளே நல்ல செக்லிஸ்ட். அப்பாகூட உக்காந்து ஒண்ணொண்ணா கேளுங்க:

- வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் வருதா?
- பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தூரத்துல இருக்குற நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுதா? (கண்ணாடி போட்டுக்கலாம்.)
- சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியுதா? இரவுல கண்ணு மங்குதா?
- ஹாரன் சத்தம் கேக்குதா?
- கை, காலுல பலம் குறைஞ்சிருக்கா?

இதோட இன்னும் ரெண்டு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்களுக்கும் சில மாத்திரைகள் எடுக்குறவங்களுக்கும் சர்க்கரை திடீர்னு இறங்கலாம். பிரிட்டன்ல இன்சுலின் போடுற ஓட்டுநர்கள் வண்டி எடுக்கும் முன்ன டெஸ்ட் பண்ணணும், அளவு 90-க்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டுதான் கிளம்பணும்னு சொல்றாங்க. அப்பாவுக்கு எந்த அளவு சரின்னு அவரோட டாக்டரைக் கேளுங்க. அடுத்தது மாத்திரை. தூக்க மாத்திரை, சளி மாத்திரை பல நேரம் மந்தமாக்கும். புது மாத்திரை எழுதுறப்ப “இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?”னு ஒரு கேள்வி கேட்டா போதும்.

வண்டியும் பேசும். புதுசா கீறல், உடைஞ்ச கண்ணாடி, தெரிஞ்ச வழியிலேயே தடுமாறுறது, இதெல்லாம் பார்த்தா விட்டுடாதீங்க.

எப்படிப் பேசறது?

“இனிமே வண்டி எடுக்காதீங்கப்பா”ன்னு போன்ல சொன்னா வேலைக்கு ஆகாது. நாப்பது வருஷமா அவர் ஓட்டித்தான் நீங்க ஸ்கூலுக்குப் போனீங்க. முதல்ல லைசென்ஸ்ல ஆரம்பிங்க, அது காகித வேலை, யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்ல. புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேணும், அப்படியே கண்ணும் சுகரும் பார்த்துட்டு வந்துடலாம்னு கூட்டிட்டுப் போங்க. ஓட்டுறதா வேண்டாமாங்கிற முடிவை டாக்டர் வாயால வரவிடுங்க.

மொத்தமா நிறுத்துறதுக்கு முன்னாடி பாதி வழிகளும் இருக்கு. இருட்டினப்புறம் வேண்டாம், மழையில வேண்டாம், சாம்பல் லாரி ஓடுற ரோட்டுல வேண்டாம், சேலத்துக்கு பஸ்.

நிறுத்தினா என்ன செலவு?

மாசம் 12 தடவை ஆட்டோ, ஒரு தடவைக்குப் போக வர 150 ரூபாய்னு வெச்சாலும் 1,800 ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் மிச்சமாகுறதை இதுல கழிங்க. மீதியை மாசாமாசம் அப்பா அக்கவுண்டுக்கு நீங்களே அனுப்பிடுங்க, அவர் கேக்குற மாதிரி வைக்காதீங்க. 38 லட்சத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, இது செலவே இல்ல.

வரியில ஒரு சின்ன உதவியும் உண்டு. பழைய வரி முறையில இருந்தா, பெற்றோரோட முன்னெச்சரிக்கை உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிக்கலாம், அது மொத்த வரம்புக்குள்ள வரும். புது முறையில இது கிடையாது.

இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்றப்ப மூணே விஷயம்: லைசென்ஸோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, முடியுற தேதிக்கு மூணு மாசம் முன்னாடி உங்க போன்ல ரிமைண்டர் போடுங்க, கடைசியா கண் எப்போ செக் பண்ணாங்கன்னு கேளுங்க. தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தா, புதுப்பிக்கிற வரைக்கும் சாவி அம்மாகிட்ட இருக்கட்டும்.