கிரைண்டரில் ஒட்டும் வழவழப்பு: அலட்சியம் வேண்டாம்!



சாரல் தொடங்கினால் தென்காசி, குற்றாலம் பக்கம் நமக்கு வேலை கூடிவிடும். சீசனுக்கு வரும் கூட்டத்தை நம்பி, கடன் வாங்கி கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறோம். அந்த நேரத்தில், "காலையில வாங்கின மாவு சாயங்காலமே வாடை அடிக்குதுக்கா" என்று யாராவது சொன்னால் மனசு பதறிப்போகும். வெயில் காலம் என்றால் சூட்டைக் குறை சொல்லலாம். சாரல் குளிரில் மாவு மெதுவாகத்தானே புளிக்க வேண்டும்? அப்படியும் கெட்டால் அரிசி, உளுந்து, தண்ணீரோடு கிரைண்டரையும் சந்தேகப்பட வேண்டும்.

அது என்ன வழவழப்பு?

அருவிக்கரைப் பாறையில் கால் வைத்தால் வழுக்குகிறதல்லவா? ஈரமான இடத்தில் நுண்ணுயிர்கள் ஒன்றுகூடி, பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள்ளேயே குடியிருக்கின்றன. இதை 'பயோபிலிம்', அதாவது நுண்ணுயிர்ப் படலம் என்கிறார்கள். காலையில் நம் பல்லில் இருக்கும் வழவழப்பும் இதே இனம்தான். கிரைண்டரில் குழவியின் அச்சு, வாஷர், மாவு வழிக்கும் தகட்டின் அடிப்பக்கம், மூடியின் விளிம்பு ஆகிய இடங்களில் இது ஒளிந்திருக்கும். மிக்ஸி என்றால் பிளேடுக்கு அடியில் பாருங்கள்.

"மாவு புளிக்கவே கிருமி வேணுமே, அப்புறம் எதுக்குக் கழுவணும்?" என்று கேட்கலாம். மாவைப் புளிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் புதிதாகவே வருகின்றன. பழைய படலத்தில் இருப்பதோ, மாவைக் கெடுக்கும் கூட்டம். சில சமயம் நோய்க் கிருமியும் அதில் இருக்கும். 2017-18இல் தென் ஆப்பிரிக்காவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் குடியேறிய லிஸ்டீரியா என்ற கிருமியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 200 பேருக்கு மேல் இறந்தனர். பச்சைக் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இந்தக் கிருமி படலம் கட்டி வாழக்கூடியது, பிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது.

மருந்து ஊற்றினால் மட்டும் போதாதா?

போதாது. 1680களிலேயே ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், பல் அழுக்கில் வினிகர் பட்டால் மேலே இருக்கும் உயிர்கள் மட்டுமே சாகின்றன என்று கவனித்தார். பசை, உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும். பிளீச்சிங் பவுடரின் வீரியமும் அழுக்கிலேயே செலவாகிவிடும். எனவே முதலில் தேய்ப்பு, பிறகுதான் மருந்து.

செய்ய வேண்டியவை

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றுங்கள்.
2. பச்சைத் தண்ணீரில் மாவை அலசுங்கள். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் மாவு வெந்து களிபோல் ஒட்டிக்கொள்ளும்.
3. சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டு, பிரஷ்ஷால் இடுக்கு விடாமல் தேய்த்து அலசுங்கள். எவர்சில்வரில் கம்பி நார் வேண்டாம். கீறல் விழுந்தால் அதுவே கிருமிக்கு வீடு.
4. 10 லிட்டர் நீரில் 7 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, பாகங்களை 10 நிமிடம் நனைய விடுங்கள். பிறகு காய்ச்சி ஆறிய நீரில் நன்றாக அலசுங்கள். பவுடர் நமத்துப் போயிருந்தால் வீரியம் இருக்காது. பிளீச்சிங் வேண்டாம் என்பவர்கள், எவர்சில்வர் பாகங்களைச் சில நிமிடம் கொதிநீரில் போடலாம்.
5. கவிழ்த்து வைத்து முழுக்கக் காய விடுங்கள். சாரல் நாளில் துணி தானாகக் காயாதது போல கிரைண்டரும் காயாது. பேன் காற்றில் வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் படலம் வளராது.

எச்சரிக்கை: பிளீச்சிங் நீரோடு வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதையும் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது.

தேய்க்கும் நாரும் ஸ்பாஞ்சும்கூட கிருமிக் கூடுதான். அவற்றையும் காய வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள். விரிசல் விட்ட வாஷரை உடனே மாற்றுங்கள். வாஷர் விலையைப் பார்த்தால், ஒரு நாள் மாவு திரும்பி வரும் நஷ்டம் பெரிது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, வீட்டிலிருந்து மாவு விற்கும் நமக்கும் பொருந்தும். பதிவு எண் வாங்குவதோடு நம் பொறுப்பு முடியவில்லை, சுத்தமும் அதில் சேர்ந்ததே.

அடுத்த குழுக் கூட்டத்தில் கிரைண்டரைக் கழற்றி, வாஷருக்கு அடியில் எல்லோரும் விரல் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் அன்றே தேய்ப்போம். இன்று யார் கழுவினார்கள் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நம்மிடம் மாவு வாங்குகிறவர் தன் பிள்ளைக்குத்தான் இட்லி ஊற்றுகிறார் என்பதை மறக்க வேண்டாம்!