கேமராவுக்குள் இரண்டு திண்ணை

மாசி மகம் நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். இம்முறை கேட்டிருப்பவர் முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர். வைத்திக்குப்பம் தீர்த்தவாரியைப் படமெடுக்க முதல் டிஎஸ்எல்ஆர் வாங்குகிறாராம். செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

இரண்டும் 2018-இல் வந்தவை. ஒன்று 24.2 மெகாபிக்சல், மற்றது 24.1. இந்த தசம வித்தியாசத்தைச் சொல்லி விற்க வருபவரிடம் கேமரா வாங்காதீர்கள். நொடிக்கு நிக்கான் 5 படம் எடுக்கும், கேனான் 3. நிக்கானின் பேட்டரி கூடுதலாகத் தாங்கும். விளம்பரத் தாள் அடுத்துப் பீற்றிக்கொள்வது ஃபோகஸ் புள்ளிகளை: நிக்கானுக்கு 11, கேனானுக்கு 9. சுவையான சங்கதி இங்கேதான் இருக்கிறது.

வ்யூஃபைண்டருக்கு ஒளியை அனுப்பும் கண்ணாடி, நடுப்பகுதியில் கொஞ்சம் ஒளியைப் பின்னால் கசியவிடும். அங்கே மறைந்திருக்கும் குட்டிக் கண்ணாடி அதைக் கீழே மடக்கி, அடித்தளத்தில் உள்ள சென்சாருக்குத் தள்ளுகிறது. லென்ஸின் இரு ஓரங்கள் வழியே வந்த ஒளியை அந்த சென்சார் தனித்தனிப் பிம்பங்களாக்கி ஒப்பிடுகிறது.

புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் வாசலுக்கு இருபுறமும் திண்ணை இருக்கும். திண்ணைக்கு ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். தெருவில் வரும் பல்லக்கு எங்கே என்று கேட்டால், இருவர் சொல்லும் இடமும் பொருந்தினால் ஃபோகஸ் சரி. பொருந்தாவிட்டால், பிசகின் அளவை வைத்தே லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவது என்று தெரிந்துவிடும். தடவிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தாத்தாக்களுக்கு ஒரு குறை: கிடைமட்டக் கோடு இருவருக்கும் ஒரே மாதிரி தெரியும். அடிவானத்தைக் காட்டினால் விழிப்பார்கள். அதற்கென்று வாசற்படியில் ஒருவர், மாடியில் ஒருவர் என இன்னொரு ஜோடி வேண்டும். இந்த இரண்டு கேமராவிலும் நான்கு பேரும் இருப்பது நடுப்புள்ளியில் மட்டுமே; ஓரப் புள்ளிகளில் ஏதாவது ஒரு ஜோடிதான். 11-ம் 9-ம் அவ்வளவுதான். வாசலைக் குறுக்கினாலும் சிக்கல்: லென்ஸின் அதிகபட்சத் துளையே எஃப்/5.6-ஐவிடச் சிறிதென்றால் திண்ணைகளைச் சுவர் மறைத்துவிடும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எகிற, அந்தக் கணத்துக்குத் தாத்தாக்கள் பார்வையே இழக்கிறார்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு: உடலுக்குள்ளேயே இந்த ஏற்பாட்டோடு வந்து வெற்றி கண்ட முதல் எஸ்எல்ஆர், 1985-இன் மினோல்டா 7000. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ள கோயில் படங்களில் ஏராளமானவை அதற்கும் முன்னால் கையால் வளையம் திருகி எடுத்தவை. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

மிரர்லெஸ் கேமரா விற்கும் கடைக்காரர் சிரிப்பார். அதில் ஒப்பிடும் வேலையைப் பட சென்சாரே செய்வதால் எகிறும் கண்ணாடி கிடையாது. புள்ளிகள் படம் முழுக்கப் பரவியிருக்கும். உண்மைதான். அதற்காக டிஎஸ்எல்ஆர் எடுத்த படம் நேற்றிரவு கெட்டுப்போகவில்லை.

எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதை வாங்குங்கள். கூட்டத்தில் நடுப்புள்ளியை மட்டும் வைத்து, சுவாமியின் நகை விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். மிச்சப் பணத்தில் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று. நிக்கான் என்றால் எச்சரிக்கை: டி3500-இன் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்தபிறகு காசைக் கொடுங்கள். வெறும் ஏஎஃப் என்றிருந்தால் வளையத்தை நீங்கள்தான் திருக வேண்டும்.