டோல்கேட்டில் பிறந்த கிளாஸ்!

ஓசூர்ல யார்கிட்டயாவது 'காஸ்டிங்'னு சொல்லிப் பாருங்க. சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவர்னா, உருக்கின உலோகத்தை அச்சுல ஊத்தி பாகம் எடுக்கிற வார்ப்பு வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவார். அதே வார்த்தையை கம்ப்யூட்டர் லேப்ல சொன்னா நிறைய பேருக்கு வயித்தைக் கலக்கும். 'அப்காஸ்டிங், டவுன்காஸ்டிங் வித்தியாசம் என்ன?'ன்னு வைவாவுல கேட்டதும் சீலிங் ஃபேனை எண்ண ஆரம்பிக்கிற கோஷ்டி எல்லா காலேஜ்லயும் உண்டு.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பேருதான் பாஸ்! ஃபவுண்டரியில காஸ்டிங் பண்ணா பொருளே உருமாறிடும். ப்ரோக்ராம்ல ஒரு ஆப்ஜெக்டை காஸ்ட் பண்ணா, ஆப்ஜெக்ட் அப்படியேதான் இருக்கும். நாம அதைப் பார்க்கிற பார்வைதான் மாறும். இதை மனசுல வச்சுக்கிட்டு அப்படியே ஒரு டோல்கேட்டுக்கு வாங்க.

ஏன் டோல்கேட்?

சும்மா உதாரணத்துக்கு இல்லீங்க. இன்ஹெரிட்டன்ஸ் பிறந்த கதையிலேயே ஒரு டோல்கேட் இருக்கு! 1960-கள்ல நார்வே தலைநகர் ஓஸ்லோவுல, ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட்னு ரெண்டு பேர் சிமுலா மொழியை உருவாக்கிட்டு இருந்தாங்க. அவங்க எடுத்துக்கிட்ட உதாரணம், ஒரு பாலத்து டோல்பூத். வரிசையில லாரியும் நிக்குது, பஸ்ஸும் நிக்குது. ரெண்டும் வேற வேற. ஆனா வரிசையில நிக்கிறது ரெண்டுக்கும் பொது. அந்தப் பொதுப் பகுதியை லாரிக்கு ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஒரு தடவைன்னு எழுதணுமா என்ன?

'வேண்டாம், பொதுவானதை ஒரே ஒரு தடவை எழுதுவோம். லாரியும் பஸ்ஸும் அதை முன்னாடி ஒட்டிக்கிட்டு, தன்னோட விஷயத்தை மட்டும் பின்னாடி சேர்த்துக்கட்டும்'னு முடிவு பண்ணாங்க. அதுதான் 1967-ல சிமுலா 67-ல வந்த இன்ஹெரிட்டன்ஸ். இன்னிக்கு ஜாவா, சி பிளஸ் பிளஸ் எல்லாத்துக்கும் பாட்டன் அதுதான். ரெண்டு பேருக்கும் 2001-ம் வருஷத்துக்கான டூரிங் விருது கிடைச்சது.

கிருஷ்ணகிரி டோல்ல என்ன நடக்குது?

ஓசூர்ல இருந்து கிளம்பின கார், பஸ், லாரி எல்லாம் கிருஷ்ணகிரி டோல்கேட்ல வரிசை கட்டுது. வரிசையைப் பொறுத்தவரை எல்லாமே 'வண்டி'தான். லாரியை 'வண்டி'ன்னு பார்க்கிறதுதான் அப்காஸ்டிங். இதுக்கு யார் பர்மிஷனும் வேண்டாம், ஏன்னா எல்லா லாரியும் ஒரு வண்டிதானே! 'உன் கட்டணம் எவ்வளவு?'ன்னு கேட்டா, லாரி லாரிக்கான தொகையைச் சொல்லும், கார் காருக்கான தொகையைச் சொல்லும். பார்வை மாறினாலும் ஆள் மாறலைங்கிறதுக்கு இதுதான் சாட்சி. பாலிமார்பிஸம்னு பெரிய பேர் வச்சு சொல்றதும் இதைத்தான்.

இப்ப 'லோடு எத்தனை டன்?'னு கேட்கணும். 'வண்டி'கிட்ட அதைக் கேட்டா கம்பைலர் விடாது, காருக்கு ஏது லோடு? அதனால அடைப்புக்குறிக்குள்ள 'லாரி'ன்னு எழுதி, 'இது லாரிதான், நான் கேரண்டி'ன்னு சொல்றீங்க. இதுதான் டவுன்காஸ்டிங். கம்பைலரும் உங்களை நம்பி விட்டுடும். ஆனா ப்ரோக்ராம் ஓடும்போது அங்கே பஸ் நின்னா? ஜாவா 'கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன்'னு கத்தும். பிடிக்க ஆள் இல்லேன்னா ப்ரோக்ராம் அங்கேயே படுத்துடும். சி பிளஸ் பிளஸ்ல ஸ்டாட்டிக் காஸ்ட் போட்டா அந்தக் கத்தல்கூட கிடையாது. பஸ்ஸோட மெமரியை லாரின்னு நினைச்சுப் படிக்கும். அப்புறம் என்ன வேணும்னாலும் நடக்கலாம்!

2021 பிப்ரவரியில ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு நிஜ டோல்லயும் இந்தச் சிக்கல் உண்டு. டேக்ல 'கார்'னு பதிவாகி இருக்கும், அது லாரி கண்ணாடியில ஒட்டி இருக்கும். 'கேரண்டி' கொடுக்கிறது டேக். அதை அப்படியே நம்பாம, லேன்ல இருக்கிற சென்ஸார்கள் வர்ற வண்டி எந்த ரகம்னு தனியா கணக்கு பண்ணுது. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா பிரச்னை வெளியே வந்துடும். கார் டேக் ஒட்டினதால லாரி கார் ஆகிடுமா என்ன?

பெட்ரோல் கேட்ட அடிப்படை கிளாஸ்

காஸ்டிங் தப்பானா ப்ரோக்ராம் உடனே விழும். இன்ஹெரிட்டன்ஸ் தப்பானா பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும். 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்தப்போ ஒருத்தர் 'இருசக்கர வண்டி'ன்னு கிளாஸ் எழுதியிருந்தா, அதுல தைரியமா 'பெட்ரோல் போடு'ன்னு ஒரு மெத்தட் வச்சிருப்பார். அன்னிக்கு அதுல தப்பே இல்லை. 2020-ல அதே கம்பெனி ஐக்யூப் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை இறக்குச்சு. ஐக்யூப் ஒரு இருசக்கர வண்டிதான். அப்படின்னா 'பெட்ரோல் போடு' அதுக்கும் பரம்பரைச் சொத்தா வந்து சேரும். எங்கே ஊத்துறது?

'எலெக்ட்ரிக்கா இருந்தா ஊத்தாதே'ன்னு அங்கங்கே 'இஃப்' போட்டு ஒட்டுப் போடலாம். ஆனா புதுசா ஒரு ரகம் வரும்போதெல்லாம் அத்தனை 'இஃப்'பையும் தேடித் திருத்தணும். ஒண்ணு விட்டுப்போனாலும் அவ்வளவுதான். அடிப்படை கிளாஸ்ல 'எரிபொருள் நிரப்பு'ங்கிற பேச்சே இல்லாம, 'ஓடு', 'நில்லு' மட்டும் வச்சு, பெட்ரோல் வண்டி, எலெக்ட்ரிக் வண்டின்னு கீழே பிரிக்கிறதுதான் நல்ல டிசைன். எல்லாருக்கும் நிஜமாவே பொதுவானது மட்டும்தான் அப்பா கிளாஸ்ல இருக்கணும்.

இன்டர்வியூ போறீங்களா?

* அப்காஸ்ட் தானா நடக்கும். டவுன்காஸ்டை நீங்கதான் எழுதணும்.

* டவுன்காஸ்டுக்கு முன்னாடி ஜாவாவுல 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' போட்டுச் சோதிங்க. 2021-ல வந்த ஜாவா 16-ல இருந்து சோதனை, காஸ்ட் ரெண்டையும் ஒரே வரியில முடிச்சுடலாம்.

* சி பிளஸ் பிளஸ்ல டைனமிக் காஸ்ட் இருக்கு. பாயின்டர் தப்பான ரகம்னா, நல் திருப்பிக் கொடுத்துடும்.

* கோடு முழுக்க டவுன்காஸ்டா இருந்தா சந்தேகப்படுங்க. கோளாறு காஸ்ட்ல இல்லை, கிளாஸைப் பிரிச்ச விதத்துல இருக்கலாம்.

அடுத்த தடவை உங்க பஸ் டோல்ல நிக்கும்போது, முன்னாடி இருக்கிற நாலு வண்டியை வச்சு ஒரு கிளாஸ் படம் வரைஞ்சு பாருங்க. பேனாவும் பஸ் டிக்கெட்டோட பின்பக்கமும் போதும்!